அஸ்வத்தாமனால் முடியாதது

எங்கள் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மனுக்குக் கொடியேறிவிட்டால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பதினெட்டாம் போரன்று துரியோதனனைக் களிமண்ணில் பெரிய உருவமாகக் கிடத்துவார்கள். வீமன் தொடையைப் பிளப்பான், அம்மனுக்குக் கூந்தல் முடிவார்கள், மாலையில் தீமிதி. தருமருக்குப் பட்டாபிஷேகம் ஆனதும் கொடியிறக்கிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போகும். துரியோதனன் விழுந்ததற்கும் தருமர் முடி சூடியதற்கும் நடுவில் வியாசர் ஒரு பருவமே எழுதிவைத்திருக்கிறார், சௌப்திக பருவம் என்று. நான் கேட்ட பிரசங்கியார்களில் பலர் அதை நாலு வாக்கியத்தில் தாண்டிப் போவார்கள். விடிந்தால் தீமிதி, அவர்களுக்கும் நேரம் இருக்காது.

ஆண்டிமடம் வட்டாரத்துப் பள்ளிகளில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் விளந்தை, வரதராசன்பேட்டை, குவாகம் பக்கமிருந்து பிளஸ் டூ, கல்லூரிப் பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவார்கள். எதையாவது படித்துவிட்டுப் பேசுவோம். அணு ஆயுதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அவர்களே கேட்டது 2025 மே மாதத்தில். இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே ஏவுகணைகள் பறந்த நாட்கள் அவை. ஒரு குண்டு போட்டால் தீர்ந்தது என்கிற மாதிரிச் செய்திகள் பிள்ளைகளின் கைபேசி முழுக்க வந்துகொண்டிருந்தன.

இந்தப் பாடத்தை ஹிரோஷிமாவில் தொடங்குவதுதான் வழக்கம். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்து நாகசாகியில் விழுந்த குண்டுக்கு ஏறக்குறைய 70,000 பேர். ஆகஸ்டு வந்தால் பள்ளிகளில் ஊர்வலம் போகிறோம், ஹிரோஷிமாச் சிறுமி சடாகோ சசாகியை நினைத்துக் காகிதக் கொக்கு மடிக்கிறோம். அது வேண்டியதுதான். ஆனால் கொக்கு மடித்த அதே பையன்தான் மே மாதத்தில் அந்தச் செய்தியைப் பத்துப் பேருக்கு அனுப்பியிருந்தான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. இரக்கத்தை ஒரு பாடத்திலும் பெருமிதத்தை இன்னொரு பாடத்திலும் நாம்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தோம். இரண்டையும் ஒரே நாளில் எதிரெதிரே நிறுத்தவே இல்லை. நிறுத்திப் பார்க்கலாம் என்றுதான் சௌப்திக பருவத்தை எடுத்தேன்.

கதை இப்படிப் போகிறது. போர் முடிந்த இரவு அஸ்வத்தாமன் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொல்கிறான். திரௌபதியின் ஐந்து பிள்ளைகளும் போகிறார்கள். பாண்டவர்கள் துரத்திக்கொண்டு போனபோது கங்கைக் கரையில் வியாசரின் அருகே இருக்கிறான். வீமனைக் கண்டதும் ஒரு புல்லைக் கிள்ளியெடுத்து, பாண்டவர் அழியட்டும் என்று பிரம்மசிரம் என்னும் படையை ஏவுகிறான். கண்ணன் சொல்ல, அர்ச்சுனனும் அதே படையை எடுக்கிறான். ஆனால் அவன் முதலில் வேண்டிக்கொள்வது குருவின் மகனுக்கு நலம். பிறகு தனக்கும் தன் சகோதரர்களுக்கும் நலம். அதற்குப் பிறகு, இந்தப் படை அந்தப் படையைத் தணிக்கட்டும் என்கிறான். இரண்டு நெருப்பும் வானத்தில் ஏறி நிற்க, நாரதரும் வியாசரும் நடுவில் வந்து நின்று இருவரையும் திரும்பப் பெறச் சொல்கிறார்கள்.

அர்ச்சுனன் திரும்பப் பெறுகிறான். அஸ்வத்தாமனால் முடியவில்லை. கடைசியில் அந்த நெருப்பைப் பாண்டவர் வீட்டுப் பெண்களின் கருப்பையை நோக்கித் திருப்பிவிடுகிறான்.

அவனுக்கு விடத் தெரியும், திரும்ப அழைக்கத் தெரியாது என்றுதான் ஊரில் சொல்வார்கள். வியாசர் சொல்வது அதைவிடக் கடுமையானது. அடக்கமும் நோன்பும் உள்ளவனால்தான் அந்தப் படையைத் திரும்பப் பெற முடியும் என்கிறார். மந்திரம் தெரிந்தால் மட்டும் போதாது. துரோணர் அர்ச்சுனனுக்கு மனம் உவந்து கற்றுக்கொடுத்தார். தனக்கும் வேண்டும் என்று மகன் அடம்பிடித்தபோது, அவன் நிலையில்லாதவன் என்று தெரிந்தே, அரை மனதோடு கொடுத்தார். எந்த ஆபத்திலும் மனிதர்மேல் ஏவாதே என்று எச்சரித்துவிட்டுத்தான் கொடுத்தார். ஆசிரியையாக இருந்தவளுக்கு இந்த இடம் கொஞ்சம் அதிகமாகவே வலிக்கும். ஆயுதத்தைக் கையில் கொடுத்து, கூடவே ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று துரோணர் நினைத்தார். அணு ஆயுதம் ஆபத்தானது என்று மட்டும் சொல்கிற சமாதானக் கல்வியும் அந்த எச்சரிக்கையோடு நின்றுவிடுகிறது. ஆபத்து என்று அஸ்வத்தாமனுக்கும் தெரிந்தே இருந்தது. இளைஞர்களிடம் நாம் வளர்க்க வேண்டியது அர்ச்சுனனிடம் இருந்தது: கோபம் முழுக்க இருக்கும்போது, நியாயமும் தன் பக்கம் இருக்கும்போது, நீட்டிய கையை மடக்கிக்கொள்ளும் திராணி.

பிரம்மாஸ்திரம்தான் அணுகுண்டு, நம் முன்னோர் அப்போதே வைத்திருந்தார்கள் என்று பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. பிள்ளைகளும் அதைச் சொன்னார்கள். நான் மறுத்து வாதாடவில்லை. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அதைப் பற்றி அந்தக் கதை என்ன தீர்ப்புச் சொல்கிறது என்று பாருங்கள் என்றேன். ஏவியவனின் தலைமணி பறிபோகிறது. புண்ணும் நாற்றமுமாக, பேச்சுத் துணை இல்லாமல் மூவாயிரம் ஆண்டு அலையச் சாபம் விழுகிறது. பாகவதத்தில் இன்னொன்றும் வருகிறது. அவனைக் கட்டி இழுத்துவந்தபோது, பிள்ளைகளைப் பறிகொடுத்த திரௌபதியே அவனை விடச் சொல்கிறாள், நான் அழுவதுபோல இவனைப் பெற்றவளும் அழ வேண்டாம் என்று. நாம் தீ மிதிப்பது இந்த அம்மனுக்காக. 1945 ஜூலை 16 அன்று நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்ததைப் பார்த்த விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் தமக்குக் கீதையின் பதினோராம் அத்தியாயம் நினைவுக்கு வந்ததாகப் பின்னாளில் சொன்னார். உலகமே அதை அறிந்துகொண்டது. அது போர் தொடங்கும் முன் வருகிற பகுதி. போர் முடிந்தபின் வருகிற பகுதியை உலகுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு அதைக் கோயில் வாசலில் ஆண்டுதோறும் கேட்கிற நமக்குத்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒருவர் அதைச் சொல்லவும் செய்தார். 1940களில் கல்கி இதழில் பாரதக் கதையை எழுதி, வியாசர் விருந்து என்று வீடுதோறும் கொண்டுசேர்த்த ராஜாஜி, 1962 செப்டம்பரில், 83 வயதில், காந்தி அமைதி நிறுவனத்தின் குழுவோடு வாஷிங்டன் போனார். அணுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று கென்னடியிடம் நேரில் கேட்கத்தான் அந்தப் பயணம். எதிரி நிறுத்தட்டும் என்று காத்திராமல் ஒருவர் முதலில் நிறுத்த வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த மாதமே கியூபா ஏவுகணை நெருக்கடியில் உலகம் அழிவின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. 1963 ஆகஸ்டில், வானிலும் கடலிலும் விண்வெளியிலும் சோதனை செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. ராஜாஜியின் அரசியலில் எனக்கு ஒத்துப்போகாதவை பல. இந்தப் பயணத்தைப் பள்ளிப் பாடத்தில் வைக்காமல் விட்டோமே என்கிற ஆதங்கம் மட்டும் தீரவில்லை.

இதுவரை பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். கம்பனுக்கு வந்ததும்தான் சண்டை தொடங்கியது.

யுத்த காண்டத்தில் இந்திரஜித்தின் மாயப் போரைப் பொறுக்க முடியாமல் இலக்குவன் நான்முகன் படையை விட அனுமதி கேட்கிறான். இராமன் தடுக்கிறான். அதை விட்டால் மூன்று உலகத்தையும் எரித்துவிடும், ஒருவனோடு நிற்காது என்பது அவன் சொல்லும் காரணம். அதற்குப் பிறகு நடப்பதுதான் முள். விலகிப்போன இந்திரஜித்து மறைவில் வேள்வி செய்து, அதே படையை முந்திக்கொண்டு ஏவிவிடுகிறான். இலக்குவனும் வானர சேனையும் விழுந்து கிடக்கிறார்கள்.

"அம்மா, ராமர் வேணாம்னாரு. அவன் கேட்டானா? அவன் விட்டுட்டான்ல?" என்றான் குவாகத்துப் பையன். "நாம வேணாம்னு உக்காந்திருந்தா பாகிஸ்தான் உக்காந்திருக்குமா?"

சரியான கேள்வி. அரசுகள் அணுகுண்டை வைத்துக்கொள்ளச் சொல்லும் காரணம் முழுவதும் அதில் இருக்கிறது. கம்பர் அந்தக் கேள்வியை ஒளித்துவைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அடங்கி நின்றவன் அடிபட்டான் என்று அவரே பாடிவைத்திருக்கிறார். அடிபட்ட பிறகும் இராமன் சொன்ன காரணம் பொய்யாகிவிடவில்லை. மூன்று உலகமும் எரிந்திருக்கும் என்பது அப்போதும் உண்மைதான். கடைசியில் இந்திரஜித்து வீழ்ந்ததும் உலகை எரிக்கும் படையால் அல்ல.

ஆனால் ஒன்றை அந்தப் பையனிடம் ஒத்துக்கொண்டேன். இலக்குவனை எழுப்ப அனுமன் மருந்து மலையைக் கொண்டுவந்தான். நமக்கு அந்த மலை இல்லை. ஹிரோஷிமாவில் இருந்த மருத்துவர், செவிலியரில் பத்தில் ஒன்பது பேர் குண்டு விழுந்தபோதே இறந்தார்கள், அல்லது காயம்பட்டார்கள். ஜெயங்கொண்டத்திலோ அரியலூரிலோ உள்ள மருத்துவமனையை நினைத்துப் பார்த்தால் போதும், இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

முதலில் பயன்படுத்த மாட்டோம் என்பது இந்தியா 2003 ஜனவரியில் முறையாக அறிவித்த கொள்கை. அது இராமன் நின்ற இடம். அதில் எனக்குப் பெருமை உண்டு. அதே கொள்கையில், நம்மீது ஏவினால் தாங்க முடியாத பெரும் பதிலடி கொடுப்போம் என்றும் இருக்கிறது. முதலில் விடாதவனும் இரண்டாவதாக விட்டால் எரியப்போவது அதே மூன்று உலகம்தானே? இங்கே இராமாயணத்தை விட்டு மறுபடி பாரதத்துக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

கங்கைக் கரையில் வியாசர் அஸ்வத்தாமனிடம் சொல்லும் ஒரு காரணத்தை நான் இன்னும் சொல்லவில்லை. பிரம்மசிரத்தை இன்னொரு பெரும் படை எதிர்க்கும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழை பெய்யாது என்கிறார் அவர்.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் முகம் மாறியதைப் பார்த்தேன். எங்களுடையது செம்மண் மேட்டுப் பூமி. காவிரி எங்கள் பக்கம் ஏறாது. முந்திரியும் கடலையும் கம்பும் வானம் பார்த்துத்தான் நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு வருடம் பொய்த்தால் மறு வருடம் யார் வீட்டில் யார் திருப்பூர் போவார்கள் என்று எங்களால் சொல்லிவிட முடியும். பன்னிரண்டு வருடம் என்றால் ஊர் இருக்காது.

வியாசர் சொன்னதை அறிவியல் என்று நான் சொல்லவில்லை. அறிவியல் தனியாக, தன் வழியில் வந்து சொன்னது இது. 2007இல் ஆலன் ரோபாக், பிரையன் டூன் ஆகியோரின் குழு ஒரு கணக்குப் போட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஹிரோஷிமா அளவிலான நூறு குண்டுகளை நகரங்களின்மேல் போட்டால் என்ன ஆகும்? எரிகிற நகரங்களிலிருந்து கிளம்பும் கரிப்புகை, 50 லட்சம் டன் அளவுக்கு, மேகங்களுக்கும் மேலே போய்விடும். அங்கே அதைக் கழுவ மழை கிடையாது. அதனால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கி வெயிலை மறைக்கும், பூமி குளிரும், பருவமழை குன்றும். 2013இல் அணுப்போர் தடுப்பு மருத்துவர்கள் சங்கம் அந்தக் கணக்கின்மேல் பசிக் கணக்கைப் போட்டு, இருநூறு கோடிப் பேர் பட்டினி அபாயத்தில் விழுவார்கள் என்றது. 2025 தொடக்கத்தில் ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனம் போட்ட மதிப்பீட்டில் இந்தியாவிடம் சுமார் 180 குண்டுகள், பாகிஸ்தானிடம் சுமார் 170, உலகம் முழுவதிலும் 12,000க்கு மேல். நூறு என்பது மிகப்பெரிய கற்பனை இல்லை.

எனக்கு இந்த அறக்கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பாண்டவருக்கும் கௌரவருக்கும் சண்டை. மழை அவர்களுடையது அல்ல. வீரமா கோழைத்தனமா, யார் முதலில் விட்டது, யார் பக்கம் நியாயம் என்பதெல்லாம் இரண்டு பேருக்கு நடுவில் தீர்க்கிற கேள்விகள். மூன்றாமவன் வாசலில் மழை நின்றுபோகிற ஆயுதத்தை அந்த அளவுகோலால் அளக்கவே முடியாது. போருக்கு முன்னால், நோயாளிகளும் பெண்களும் பிள்ளையில்லாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துவிட்டு அம்பு விட்ட பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் புறநானூறு பாடுகிறது. அணுகுண்டுக்கு முன்னால் யாரை எங்கே போகச் சொல்ல முடியும்? நேபாளத்து விவசாயியை எங்கே அனுப்புவது? இலங்கையில் வயல் வைத்திருப்பவரை?

இலங்கையைச் சொன்னது காரணத்தோடுதான். அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது சட்டப்படி சரியா என்று ஐ.நா. பொதுச்சபை ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றத்தைக் கேட்டது. 1996 ஜூலை 8 அன்று வந்த கருத்துரையில் நீதிபதிகள் ஏழுக்கு ஏழாகப் பிரிந்து, தலைவரின் கூடுதல் வாக்கால் முடிவெடுத்தார்கள்: பொதுவாகச் சட்டத்துக்குப் புறம்பானது, ஆனால் ஒரு நாடு உயிர் பிழைப்பதற்கே ஆபத்து என்கிற நிலையில் திட்டமாகச் சொல்ல இயலவில்லை என்று. இலங்கையைச் சேர்ந்த நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி அந்த 'ஆனால்' கூடாது என்று நீண்ட மாற்றுத் தீர்ப்பு எழுதினார். எந்த நிலையிலும், எந்தக் காரணத்துக்காகவும் கூடாது என்பது அவர் முடிவு. அதற்கு அவர் சான்று காட்டிய இடங்களில் நம்முடையவையும் உண்டு: இராமாயணத்தில் தடுக்கப்பட்ட படை, பாரதத்தில் கையிலிருந்தும் அர்ச்சுனன் விடாமல் வைத்திருந்த பாசுபதம். கோயில் வாசலில் கேட்ட கதை ஹேக் நீதிமன்றத்தில் சட்டச் சான்றாக நின்றிருக்கிறது. ஓய்வுக்குப் பிறகு அவர் கொழும்பில் சமாதானக் கல்விக்கென்றே ஒரு மையம் தொடங்கினார். 2006இல் யுனெஸ்கோவின் சமாதானக் கல்விப் பரிசு அவருக்குக் கிடைத்தது. அணு ஆயுதத்தையே தடைசெய்யும் ஒப்பந்தம் 2017 ஜூலையில் 122 நாடுகளின் வாக்கோடு வந்தது. இலங்கை 2023இல் அதில் சேர்ந்தது. இந்தியா சேரவில்லை.

அதே வழக்கில் இந்தியா 1995இல் கொடுத்த எழுத்துரை, பதிலடியாகக்கூட அணு ஆயுதத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றுதான் வாதாடியது. மூன்றே ஆண்டில், 1998 மே 11, புத்த பூர்ணிமை நாளில், பொக்ரானில் வெடித்தோம். அந்த மாத முடிவுக்குள் பாகிஸ்தான் சாகாய் மலையில் வெடித்தது. பொக்ரானை முன்நின்று நடத்தியவர்களில் அப்துல் கலாமும் ஆர். சிதம்பரமும் தமிழர்கள். கலாம் ஐயாவின் படம் எங்கள் வட்டாரத்தில் இல்லாத பள்ளி இல்லை. பிள்ளைகளிடம் அவர் காட்டிய அன்பில் எள்ளளவும் பொய் கிடையாது. வலிமையைத்தான் வலிமை மதிக்கும் என்பது அவர் பல மேடைகளில் சொன்ன கருத்து. அதை மட்டும் நான் ஏற்கவில்லை, பிள்ளைகளிடமும் அதைச் சொன்னேன். இரண்டு பக்கமும் வலிமை வந்த மறு ஆண்டே கார்கில் போர் வந்தது. மரியாதைக்குரியவரோடு மாறுபடுவது எப்படி என்பதும் தலைமைக்கு வேண்டிய பாடம்தான்.

வரதராசன்பேட்டைப் பெண் ஒருத்தி, போப் பிரான்சிஸ் 2019இல் ஹிரோஷிமாவில் நின்று, பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதே ஒழுக்கக்கேடு என்று சொன்னதை எடுத்துக் கொடுத்தாள். அவளே அடுத்த வாரம் அதற்கு எதிரான கேள்வியையும் கொண்டுவந்தாள். "உக்ரைன் குடுத்துடுச்சேம்மா. குடுத்ததுக்கு என்ன கிடைச்சிது?" 1994 டிசம்பரில் புடாபெஸ்டில் கையெழுத்துப் போட்டு, தன் மண்ணில் இருந்த சோவியத் குண்டுகளை உக்ரைன் ஒப்படைத்தது. எல்லையை மதிப்போம் என்று கையெழுத்திட்ட ரஷ்யாவே 2014இலும் 2022இலும் உள்ளே புகுந்தது. அந்தக் குண்டுகளை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம்தான் இருந்தது என்று சொல்லலாம். தானே செய்த குண்டுகளைத் தானே பிரித்துப்போட்ட தென்னாப்பிரிக்காவை எடுத்துக்காட்டலாம். சொன்னேன். ஆனாலும் அவள் கேள்வி அதோடு அடங்காது. திரும்பப் பெற்றவனுக்குப் பாதுகாப்பு உறுதி என்று பாரதமும் சொல்லவில்லை. அர்ச்சுனன் மடக்கிக்கொண்ட பிறகுதான் அந்த நெருப்பு பாண்டவர் மருமகள் உத்தரையின் வயிற்றுக்குப் போனது. அவள் பிள்ளை பரீட்சித்து செத்துப் பிறந்தான். எழுப்பக் கண்ணன் தேவைப்பட்டான். அடங்கினால் எல்லாம் நலமாகும் என்று இளைஞர்களிடம் சொல்வது பொய். விலை இருக்கிறது. அந்த விலையை யார், எப்படி, எத்தனை பேராகச் சேர்ந்து சுமப்பது என்பதற்குத்தான் உடன்படிக்கை, சரிபார்ப்பு, தூது எல்லாம். இந்தியாவும் பாகிஸ்தானும் 1988 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை, அவற்றைத் தாக்கமாட்டோம் என்ற உறுதியோடு, ஒருவருக்கொருவர் கொடுக்கின்றன. கார்கில் நடந்த பிறகும் கொடுத்தார்கள், மும்பைத் தாக்குதலுக்குப் பிறகும் கொடுத்தார்கள். இந்தச் செய்தி அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பொறுப்பு என்று வரும்போது எங்கள் மாவட்டத்துக்கு ஒரு கதை உண்டு. 1956 நவம்பர் 23, அதிகாலை. அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சரிந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது; நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தை அவர் கட்டவில்லை, மழையை அவர் அனுப்பவில்லை, ஆனாலும் விலகினார். அதே சாஸ்திரிதான் 1964 அக்டோபரில் சீனா குண்டு வெடித்தபோது பிரதமர். குண்டு வேண்டும் என்று கட்சிக்குள்ளேயே கூச்சல். முடியாது என்று நின்றார். நவம்பரில், அமைதிப் பணிக்கான நிலத்தடி வெடிப்பு ஆய்வுக்கு மட்டும் அணு விஞ்ஞானி ஹோமி பாபாவுக்கு இசைவு கொடுத்தார். அந்தச் சிறு இசைவின் வழியில்தான் 1974 பொக்ரான் சோதனை வந்தது. நல்ல மனிதர், கொஞ்சம் இடம் கொடுத்தார். இளம் தலைவர்களுக்கு நான் கற்றுத்தர விரும்புவது இந்த இரண்டு சாஸ்திரியையும் சேர்த்துத்தான்.

2022 மார்ச் 9 அன்று இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானின் மியான் சன்னு ஊரருகே விழுந்தது. வெடிகுண்டு இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. மூன்று விமானப்படை அதிகாரிகள் பணிநீக்கம் ஆனார்கள். கிளம்பியதைத் திரும்ப அழைக்க வழி இருக்கவில்லை. அணுகுண்டு தவறிப் போனால் பதவி விலகுவதற்கு ஓர் அமைச்சர் இருப்பாரா, விலகல் கடிதத்தை வாங்கிக்கொள்ள ஒருவர் இருப்பாரா?

குண்டு டெல்லிக்காரர்கள் விஷயம், நமக்கென்ன என்கிறவர்களுக்கு: திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணத்தில் 1990 முதல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்ற கடற்படை வானொலி நிலையம் இருக்கிறது. கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிகளோடு பேசுவதற்கென்றே கட்டியது. விஷயம் தமிழ் மண்ணிலும் இருக்கிறது.

ஜப்பான் கொடுத்த நிதியில் ஐ.நா. இப்போது பல நாட்டு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுக்கிறது. நல்ல வேலை. குண்டுக்குத் தப்பியவர்களின் அமைப்பான நிஹோன் ஹிடான்கியோவுக்கு 2024இல் நோபல் கிடைத்தபோது, தப்பியவர்களின் சராசரி வயது 85ஐத் தாண்டியிருந்தது. நேரில் கண்டவரிடம் கேட்க இன்னும் கொஞ்ச காலம்தான் இருக்கிறது. ஆனால் ஹிரோஷிமா போகிற பிள்ளைகளை மட்டும் தலைவர்கள் என்று நினைத்தால் எங்கள் பிள்ளைகள் யார்? பதினெட்டு வயதானால் கிராம சபையில் கை தூக்கலாம். ஹைட்ரோகார்பனுக்கு எதிராகத் தீர்மானம் போட்ட கிராம சபைகள் டெல்டாவில் உண்டு. ஹிரோஷிமா நாளும் நாகசாகி நாளும் முடிந்த அடுத்த வாரமே ஆகஸ்ட் 15, சபை கூடும் நாள்.

பிள்ளைகளே ஒரு தீர்மானம் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். மழை பற்றிய பத்தியில் சண்டை இல்லை, முதலிலேயே எழுதி முடித்துவிட்டார்கள். கடைசிப் பத்தியில்தான் நிற்கிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே நேரத்தில் கைவிட வேண்டும் என்று எழுதியிருக்கிறான் குவாகத்துப் பையன். "அர்ச்சுனன் அவனப் பாத்துட்டா மடக்கினான்?" என்று கேட்டு, அதை அடித்துவிட்டு, இந்தியா காத்திராமல் தடை ஒப்பந்தத்தில் சேர வேண்டும் என்று எழுதியிருக்கிறாள் வரதராசன்பேட்டைப் பெண். எது இருக்கட்டும் என்று என்னைக் கேட்டார்கள். என் வாக்கு அவள் பக்கம் என்றேன். ஆனால் கிராம சபையில் அவனும் கை தூக்க வேண்டும், அவனைச் சம்மதிக்கவைப்பது உன் வேலை என்றும் அவளிடம் சொன்னேன். வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆகஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது.